பஞ்சர் கடையில் கிரேக்கம்

பஞ்சர் கடைக்குச் சிரிச்ச முகத்தோட யாரும் வர மாட்டாங்க. உச்சி வெயில்ல வண்டியைத் தள்ளிட்டு வந்த உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகள்ல ராஜபாளையத்துல எனக்கு அப்படி ஒரு கடை.

பங்காளி

ஸ்ரீவில்லிபுத்தூர் நெஞ்சு டாக்டர் ஒருத்தர், காத்துப்போன ஸ்கூட்டரோட வந்தார். நான் ஒட்டி முடிக்கிற வரைக்கும் பொழுது போகாம, சுவத்துல தொங்கின டயர் காலண்டரை வாசிச்சார். அதுல ‘நியூமாட்டிக்’னு போட்டிருந்துச்சாம். கிரேக்க பாஷையில நியூமான்னா காத்து, மூச்சு, நுரையீரலுக்கு நியூமோன். நியூமோனியாவும் அந்தக் குடும்பந்தானாம். சொல்லிட்டு டாக்டரே சிரிச்சார்.

“அப்ப நாம ரெண்டு பேரும் பங்காளிக, அண்ணாச்சி!”

வெளிநாட்டு வியாதி

நான் சும்மா இருந்திருக்கலாம். வாரவங்க போறவங்ககிட்டல்லாம் கிரேக்கம் பேச ஆரம்பிச்சேன். கான்சாபுரத்து அம்மா ஒருத்தங்க, சைக்கிளோட வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்தாங்க. அவருக்கு இழுப்பு. “ஆஸ்துமாவும் கிரேக்கந்தாம்மா. மேல்மூச்சு வாங்குறதுன்னு அர்த்தம். டாக்டரே சொன்னார்”னேன். அந்தம்மா புருசனை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

“இவிய விருதுநகரையே தாண்டுனதில்லையே. எனக்குத் தெரியாம எப்பண்ணே அங்க போனாக?”

குமிழி

சோழபுரம் மாடசாமிக்கு நூல் மில்லுல தற்காலிக வேலை. நெஞ்சுப் பரிசோதனையில தேறினாத்தான் நிரந்தரம். பரிசோதிக்கிறது நம்ம பங்காளி டாக்டர். பஞ்சுத் தூசியில ரெண்டு தடவை இருமுனதுக்கே பயந்துபோயி, “மூச்சு விவரம் தெரிஞ்ச ஆளு நீங்கதானே அண்ணாச்சி”ன்னு என்கிட்ட வந்து நின்னார்.

டியூபுத் துண்டைக் குடுத்து, பஞ்சர் பாக்குற தண்ணித் தொட்டியில ஊதச் சொன்னேன். குபுகுபுன்னு குமிழி வந்துச்சு. தொழில் பழக்கம், வாய் தவறி “ஆமா, ஓட்டை இருக்கு”ன்னுட்டேன். மாடசாமிக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு.

“எந்தப் பக்கம் அண்ணாச்சி? ஒட்டிரலாமா?”

பரிசோதனை

செத்த நேரம் சமாதானம் சொல்லி, பொறவு ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் ஊத வெச்சேன். பரிசோதனை அன்னைக்கு எனக்கு வேலையே ஓடலை. நல்ல டியூபுல போயி ஒட்டுப் போட்டு வெச்சேன். சாயங்காலம் டாக்டர் ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. பின்னால மாடசாமி, வாயெல்லாம் பல்லா உக்காந்திருந்தார்.

“நெஞ்சு சுத்தமா இருக்கு, எழுதிக் குடுத்துட்டேன். ஆனா மூச்சை நல்லா இழுத்து விடுய்யான்னா, ‘தொட்டி எங்க சார்?’னு கேக்காரே, அண்ணாச்சி!”

கிரேக்கத்துல எனக்கு இன்னைக்கும் மூணு வார்த்தைதான் தெரியும். அதுக்கு மேல ஒண்ணு தெரிஞ்சிருந்தா ஊர்ல பாதிப் பேருக்கு நெஞ்சுல ஒட்டுப் போட்டிருப்பேன்.