பொன்னுருக்கிய பிறகு படி தாண்டியவள்

“உந்த வருத்தமெல்லாம் இப்பத்தான் புதுசா வருது. எங்கட காலத்தில ஆருக்கு வந்தது?” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன கிழமையும் வந்தது. கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்குக் காத்திருந்த பெண்கள் கூடி ஆராய்ச்சி நடத்தினார்கள். ஒருத்தியின் மகளுக்குக் கழுத்தில் கழலை. இன்னொருத்தியின் மருமகளுக்கு விரல்கள் கோணிப்போகின்றன. உடம்பே உடம்பைத் தின்கிறது என்று டொக்டர் சொன்னாராம். காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். கூப்பன் கடை மா, வயலுக்கு அடிக்கிற மருந்து, மலேரியாவுக்கென்று சுவரெல்லாம் அடித்த டி.டி.ரி, புல்மோட்டைக் கடற்கரையில் கிண்டுகிற தாது மணல்.

இருக்கலாம். இந்த வருத்தங்கள் கூடிக்கொண்டு வருகின்றன என்று டொக்டர்மாரே சொல்கிறார்கள். எது காரணமென்று தேடட்டும், கண்டுபிடித்தால் முதலில் சந்தோசப்படுகிறவள் நான்தான். ஆனால் அந்தக் காலத்தில் இல்லை என்ற கதையை மட்டும் என் காதில் போடக்கூடாது. இருந்தது. பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். என் அக்காவுக்கு என்ன நடந்தது என்று அந்த மண்டபத்தில் சத்தமாகச் சொன்னேன். பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆகவே எழுதியும் வைக்கிறேன்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் ஸ்ரோர் கீப்பராக இருந்து காலமானவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மாவின் தமையன், எங்கள் மாமா, வைத்ததுதான் சட்டம். அக்கா இறக்கக்கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். முதலில் அவளுக்குக் காலையில் விரல்கள் மடங்கவில்லை. தேங்காய் திருவ முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. “உத்தியோகம் பார்க்கிறா எண்டவுடன வீட்டுவேலைக்குக் கள்ளம்” என்றார் அம்மா. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நாள் முழுக்க மைதானத்தில் நின்றுவிட்டு வந்த அன்று, மூக்கும் இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்துப்போயின. பிறகு காய்ச்சல். பிறகு சீப்போடு கற்றை கற்றையாக முடி வந்தது.

அதோடு விசாரணை தொடங்கியது. ‘உனக்கு என்ன செய்யுது?’ என்று கேட்டவர்கள் குறைவு. ‘நீ என்ன செய்தனீ?’ என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

சொறி கிளப்புகிற கிரந்திச் சாமான் தின்றதால் வந்தது என்றார் அம்மா. நண்டு, இறால், சூரை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தினார். அக்கா எலும்பும் தோலும் ஆனாள். மாமா செய்வினை என்றார். ஆள் பிடித்து வளவெல்லாம் கிண்டுவித்து, கிணற்றடியில் கிடந்த துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, “பாத்தியளே!” என்றார். நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் வாதம் என்றார், எண்ணெய் பூசி இளவெயிலில் இருத்தச் சொன்னார். அம்மா இளவெயிலோடு விடுவாரா? கூட இருந்தால் கூடச் சுகம் என்று வெயில் உச்சிக்கு ஏறும்வரை இருத்தினார். முகம் கொப்பளித்து, அக்கா கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த டொக்டர் நாடியைக்கூடச் சரியாகப் பிடிக்காமல், “வயது போகுதெல்லோ, ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ, எல்லாம் சுகம் வரும்” என்றார். படித்த மனுசன்! அந்த மனுசனை நினைத்தால் இன்றைக்கும் என் பல் நறநறக்கிறது.

அவர் மாற்றலாகிப் போய், ஒரு லேடி டொக்டர் வந்தார். அவர்தான் அக்காவின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தவர். அம்மா, மாமா, அக்கா, நான் என்று நான்கு பேரையும் கதிரை போட்டு இருத்தி வைத்துச் சொன்னார்.

“உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்குதம்மா. கிருமி வந்தா அடிச்சுத் துரத்திறது அதின்ர வேலை. உங்கட மகளின்ர காவல் ஆள் அடையாளம் தெரியாமல் வீட்டுக்காரரையே அடிக்குது.”

“ஏன் அப்படி அடிக்குது? இவள் என்ன பிழை விட்டவள்?” என்றார் மாமா.

“ஒரு பிழையும் விடேல்லை. இது ஏன் வருதெண்டு எங்களுக்கு இன்னும் தெரியாது. பொம்பிளையளுக்குத்தான் கூட வருது. சில குடும்பங்களில ஓடி வருது. வெயில் பட்டால் கூடுது. இதுக்கு மேல தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைச்சனெண்டால் அது பொய்.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அக்கா அழுதாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அவள் முதுகைத் தடவினேன். “ஒரு பிழையும் விடேல்லையெண்டு சொன்னா, கேட்டனியோடி?” என்றாள்.

டொக்டர் கொடுத்த குளிசை நன்றாக வேலை செய்தது. ஒரு கண்டிப்பு மட்டும் சொல்லியிருந்தார். இந்தக் குளிசையைச் சடக்கென்று நிறுத்தக்கூடாது, தான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன், நாங்களாகவே நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. எல்லோருக்கும் விளங்கியதா என்று திருப்பியும் கேட்டார். மாமா பெரிதாகத் தலையாட்டினார்.

அக்காவின் விரல்கள் மடங்கின. குடை, நீளக் கைச்சட்டை, வகுப்பறை நிழல் என்று திரும்பவும் படிப்பிக்கப் போனாள். அதற்கிடையில் எனக்குக் கலியாணமாகி, என் கணவருக்கு மணல் ஆலையில் வேலை என்பதால் நான் புல்மோட்டைக்குப் போய்விட்டேன். இளையவளுக்கு முதலில் முடித்த வெட்கத்தில் அம்மா வெளியே தலைகாட்டாமல் திரிந்தார். அந்தக் குளிசைக்கு ஒரு குணம் உண்டு, முகத்தை ஊதவைக்கும். அக்காவின் கன்னங்கள் உருண்டு வந்தன. வெயில் படாததில் நிறமும் வெளுத்தது. அவ்வளவுதான், எங்கள் சனங்களுக்கு வேறென்ன வேண்டும்? “பெட்டை நல்லாய் வந்திட்டாள்! பூரிச்சுப்போய் இருக்கிறாள்!” என்று தெருவெல்லாம் ஒரே கதை. மெலிந்து நொந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காத தரகர் வெற்றிலையும் வாயுமாக வந்து கதிரையில் குந்தினார். மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வந்து பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. வருத்தத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. “நான் சொல்லப்போறன்” என்று அக்கா சொன்னாளாம். “சொன்னியெண்டால் நான் கிணத்துக்குள்ள விழுவன்” என்றாராம் அம்மா.

எங்கள் ஆட்களின் கலியாணத்தில், தாலிக்குப் பொன்னுருக்கி விட்டால் கலியாணம் தொடங்கியது மாதிரி. மாப்பிள்ளை வீட்டில் ஆசாரி பொன்னை உருக்குவார். அதே நேரத்தில் பெண் வீட்டில் பந்தலுக்குக் கன்னிக்கால் நடுவார்கள். அதற்குப் பிறகு முகூர்த்தம் வரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. பெண் தன் வீட்டுப் படியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குடும்பத்துக்கு ஆகாது.

என் கணவருக்கு லீவு கிடைக்காததால், பொன்னுருக்கிய மறுநாள்தான் நான் வீட்டுக்கு வந்தேன். குசினிக்குள் பெண்கள் சேர்ந்து பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் பகிடியும் வாசல்வரை கேட்டன. அக்கா அறைக்குள் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் குடித்தாலும் சத்தி. கை சில்லிட்டிருந்தது. என்னைப் பார்த்து ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். உருண்ட கன்னம் மட்டும் அப்படியே இருந்தது.

“குளிசை போட்டவளோ?” என்று கேட்டேன்.

அம்மா வாசற்படியில் நின்று விரலைப் பிசைந்தார். “அது... பொன்னுருக்குக்கு நாள் வைச்ச உடன அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினனான், மாமாவும் அதுதான் நல்லதெண்டவர். போற வீட்டில கண்டினமெண்டால்? இங்கிலீசு மருந்து சூடு, பிள்ளை தங்காது எண்டும் சொல்லுகினம். வருத்தம்தான் மாறிட்டுதே, முகத்தைப் பார், வருத்தக்காரியின்ர முகமோ இது?”

சாவியைப் பறித்து அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்தேன். அக்கா விழுங்கினாள், விழுங்கியது அப்படியே வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. சந்தியில் நின்ற வாடகைக் காரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், மாமா வாசல் படலையை மறித்துக்கொண்டு நிற்கிறார். பந்தலுக்குக் கட்டிய தென்னோலையை ஒரு கையால் பிடித்தபடி நிற்கிறார், மனுசன்!

“உனக்கென்ன விசரே? பொன்னுருக்கின பொம்பிளை படி தாண்டுறதோ? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவினம்?”

“செத்தவீட்டுக்கு வந்து சொல்லுவினம், மாமா. விடுங்கோ.”

“பயத்தில வாற சத்தியடி இது. கலியாணப் பொம்பிளையளுக்கு வாறதுதான். பரியாரியாரைக் கூப்பிட்டு விட்டிருக்கிறன்.”

“உங்கட பரியாரியார்தானே இவளை வெயிலில காயவைச்சு வடகமாக்கினவர்! லேடி டொக்டர் சொன்னது உங்கட காதில விழேல்லையோ? தலையாட்டினீங்களே, என்னத்துக்கு ஆட்டினீங்கள்?”

பணியாரத் தட்டுகளோடு பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தியாவது ‘வழியை விடுங்கோ’ என்று சொல்லவேண்டுமே. “மெதுவாக் கதை பிள்ளை, அயலுக்குக் கேக்கும்” என்றாள் ஒருத்தி. கேட்கட்டும் என்று இன்னும் பெரிதாகக் கத்தினேன். திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்காரருக்கும் கேட்டிருக்கும். ஒரு பெண்ணின் உயிரைவிட ஒரு படி பெரிதா என்று கேட்டேன். மாமா அசையவில்லை. அக்காவைத் தூக்க என்னோடு வந்தவர் வாடகைக் கார்க்காரர் மட்டும்தான், கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனுசன். “ஐயா, உசிர் போனாப் பிறகு என்ன கலியாணம்? தள்ளுங்க” என்று தோளால் மாமாவை ஒதுக்கிவிட்டு நடந்தார். எங்கள் படி என்னத்துக்கு என்று அவருக்குத் தெரியாதது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அம்மா முன்றலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கார் புறப்படும்போது ஓடிவந்து ஏறிக்கொண்டார். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

லேடி டொக்டர் சேலைன் ஏற்றினார், ஊசி போட்டார். அக்கா பிழைப்பாளா என்று அவருக்கே நிச்சயமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் டொக்டர் என்ர பிள்ளைக்கு இப்பிடி வந்தது?” என்று கேட்டார்.

“அண்டைக்கு உங்கட தமையன் கேக்கேக்க எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான். இண்டைக்கு ஏன் வந்ததெண்டு எனக்குத் தெரியும், அம்மா. உங்களுக்கும் தெரியும்” என்றார். அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் வரும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பகல் அக்காவுக்கு அறிவு தெளிந்தது. மாமா வந்தார். வந்த மனுசன் அவளைச் சுகம் விசாரித்தாரா? “முகூர்த்தத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போகலாமோ?” என்று தாதியிடம் கேட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரம் வார்டு வாசலில் மாப்பிள்ளை. திருகோணமலை சின்ன ஊர், கதை போய்விட்டது. தனியாகத்தான் வந்திருந்தார். அம்மா பதறிப்போய் அக்காவின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடப்போனார், பொன்னுருக்கிய பின் பார்க்கக்கூடாதே! அக்கா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

மாப்பிள்ளை கட்டிலடியில் நின்று அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

“டொக்டரிட்டைக் கேட்டனான். எனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் உங்களிட்டை ஒண்டு சொல்லேல்லை. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா. உடம்பெல்லாம் வெள்ளை படருது. உங்கட ஆக்கள் எங்கட வீட்டுக்கு வந்த அண்டைக்கு எங்கட அம்மா ஆக்கள் அவவைப் பின்னறையில விட்டுப் பூட்டினவை. நானும் பேசாமல் இருந்திட்டன். இதே டொக்டரிட்டைத்தான் காட்டுறம். தொத்து வருத்தமில்லையாம். இதுவும் அந்த மாதிரித்தானாம், தன்ர தோலைத் தானே அடிக்கிற வருத்தமாம்.”

ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு இரண்டு வீட்டாரும் மாறி மாறிப் பலகாரம் தின்றிருக்கிறார்கள். மாமா உடனே பாய்ந்தார்.

“பாத்தியளே! எங்களை ஏமாத்தப் பாத்திருக்கிறாங்கள்!” அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரரெல்லாம் எழும்பி இருந்தார்கள். “வெள்ளை விழுந்த வீட்டில பொம்பிளை குடுக்கிறதோ? மறைச்சுக் கலியாணம் செய்யிற சாதியோ நீங்கள்? மானம் கெட்ட குடும்பம்! உந்தக் கலியாணம் எங்களுக்கு வேண்டாம். தம்பி, நீர் வெளியில போம்!”

யார் சொல்கிறார், பாருங்கள். குளிசையை அலுமாரியில் பூட்டினபோது துணைநின்ற மனுசன், உயிர் போகிறவளைப் படலையில் மறித்த மனுசன், அதே வாயால் மானத்தைப் பற்றிக் கதைக்கிறார். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்கு முன் அக்கா சேலைன் ஏறாத கையை மெத்தையில் ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“மாமா, அவர் இருக்கட்டும். நீங்கள் வெளியில போங்கோ.”