பெண்கள் கேட்டில் பேய்ப் படப் பஞ்சாயத்து

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பது என்பது, படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற உத்தியோகம். அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகளின் பாதி வரைக்கும், பொன்னேரிக்குப் பக்கத்தில் ஆரணியில் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகையின் பெண்கள் வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் தாமோதரன் அங்கேயே ஆபரேட்டர். பெண்கள் கேட்டில் ஆம்பளையை நிறுத்தினால் தினம் ஒரு தகராறு வருகிறது என்று முதலாளி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். ரேஷன் கடையிலோ, பஸ்ஸிலோ, ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற ஜன்னலிலோ ஜனங்களுக்கு எதிரே நின்று பிழைத்தவர்கள் இதைப் படிப்பதாயிருந்தால், என் கால் வலியைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பப் படம் போட்டால் அழுதுவிட்டுப் போவார்கள். சாமி படம் போட்டால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பேய்ப் படம் போட்டால் மட்டும் போகவே மாட்டார்கள். இதுவரை வந்ததிலே எந்தப் பேய்ப் படம் பெரிசு, எது அதற்கு அடுத்தது என்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் வாசலை விட்டு நகர்வார்கள். அந்தத் தீர்ப்பையும் என்னிடமே கேட்பார்கள்.

பெயர் இல்லாத படங்கள்

படத்தின் பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கிணற்றுப் பேய், பங்களாப் பேய், கொலுசுப் பேய் என்று அவர்களே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். கிணற்றுப் பேய்க் கட்சிக்குத் தலைவி சரசம்மா. பக்கத்துக் கிராமத்தில் நெல் நிலம் வைத்திருக்கிற குடும்பம். கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, இரண்டு மருமகள்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். கிணற்றுப் பேயைப் பார்த்த பிறகு அவர் வீட்டில் பொழுது சாய்ந்தால் ஒருத்தியும் தண்ணீர் சேந்தப் போகவில்லையாம். பேய் என்றால் அப்படி இருக்க வேண்டும், ஊரில் பங்களாவே இல்லாதபோது பங்களாப் பேய்க்கு எவள் பயப்படுவாள் என்பது அவர் கட்சி.

பங்களாக் கட்சிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. கிணற்றில் யாரோ விழுந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம், பங்களாவை யார் பார்த்தது, பார்க்காததுதானே பயம் என்பார்கள். ஒருநாள் இரண்டு பக்கமும் என்னைச் சூழ்ந்துகொண்டு நீயே சொல் என்றார்கள். நான் ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை, கேட்டை விட்டு வந்தால் முதலாளி திட்டுவார் என்று உள்ளதைச் சொன்னேன். சரசம்மா நம்பவில்லை.

"தெனம் இங்கியே நின்னுக்கினு, ஒண்ணும் பாக்கலன்றியே. எந்தப் பேய்க்காவ நீ மறைக்கிற, அதச் சொல்லு."

ரீல் முடிந்தால் பேயும் போச்சு

எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டிவிட்டுத்தான் படம் தொடரும். பேய் முகத்தைத் திருப்புகிற நேரமாகப் பார்த்து விளக்கு வரும். உடனே பெண்கள் பகுதியில், விட்ட இடத்திலிருந்து சண்டை ஆரம்பிக்கும். கைக்குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழும். முறுக்குக்காரர் நடுவில் நுழைந்து யார் காலையாவது மிதிப்பார்.

பேய் முகம் காட்டிய பிறகு ரீலை மாற்றும்படி உன் வீட்டுக்காரரிடம் சொல்லி வை என்று ஒரு கூட்டமே வந்து முறையிட்டது. மறுநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். மெஷின் சூட்டில் நின்று நின்று சுண்டிப்போன மனுஷன். கோபப்படவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"எனக்கு எல்லாப் பேயும் ஒண்ணுதான். எது பிலிம் அறுந்து போவாம வந்துட்டுப் போவுதோ, அதான் நல்ல பேயி."

மெட்ராஸில் பார்த்தவள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம். அங்கே ஒரு கம்பெனியில் வேலையாக இருந்த பையனைக் கட்டிக்கொண்டு வசந்தா என்கிற பெண் ஆரணிக்கு வந்தாள். மெட்ராஸில் வளர்ந்தவள். முதல் தடவை கொட்டகைக்கு வந்தபோதே, இதெல்லாம் ஒரு பேயா என்று கேட்டுவிட்டாள். மெட்ராஸில் ஏ.ஸி. தியேட்டரில் அவள் பார்த்த இங்கிலீஷ் படத்துப் பேய் வெள்ளைச் சேலை கட்டாதாம். பாட்டும் பாடாதாம். வருவதே தெரியாதாம்.

அவளைப் பெண்கள் பகுதி மணல் தரையில் நடுவே உட்காரவைத்து ஒரு ரீல் மாற்றும் நேரம் முழுக்க விசாரித்தார்கள். கிணறு உண்டா என்றார்கள், இல்லை என்றாள். யார் செய்த பாவத்துக்கு அந்தப் பேய் வந்தது என்றார்கள், தெரியாது என்றாள். காரணம் இல்லாமல் வருகிற பேயை எந்த வரிசையில் சேர்ப்பது என்று எல்லாரும் குழம்பினார்கள். சரசம்மாதான் அது என்ன பாஷை பேசும் என்று கேட்டார். இங்கிலீஷ் என்றாள் வசந்தா. சரசம்மா யோசித்தார். பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

"அப்டின்னா அது பெரிய பேயிதாம்மா. நம்ம பூசாரி போன்னா, அதுக்கு இன்னா புரியும்?"

காசியம்மாள்

ஆடி மாசத்துக்கு ஒரு பழைய பேய்ப் படத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று முதலாளிக்கு யோசனை. எதைக் கொண்டுவந்தால் பெண்கள் பகுதி நிரம்பும் என்று என்னை விசாரிக்கச் சொன்னார். வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். அதுவரை வாயே திறக்காத காசியம்மாளையும் கேட்டேன். காசியம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். சந்தை நாளில் கருவாடு விற்க வந்து, ஆரணியில் தங்கை வீட்டில் தங்கி, முதல் ஆட்டம் பார்ப்பார். கூடையை என் ஸ்டூலுக்குக் கீழேதான் வைத்துவிட்டுப் போவார். அந்த வாசனைக்கு மற்றவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

செத்துப்போன தாய் வந்து தொட்டில் ஆட்டுகிற ஒரு படம் முன்பு வந்திருந்தது. அதைத்தான் கொண்டுவரச் சொன்னார். அந்தப் படத்தில் ஒரு பெண்கூட அலறவில்லை, பாதியில் எழுந்து போனவர்கள்கூட உண்டு. அதில் பயமே இல்லையே அக்கா என்றேன். அவர் தலைச் சும்மாட்டைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐப்பசிக் காற்றில் ஏரிக்குப் போன அவர் புருஷனுடைய படகு மட்டும் கரை ஒதுங்கிய கதையை அவர் தங்கை எனக்குச் சொல்லியிருந்தாள். ஆள் கிடைக்கவே இல்லை.

"பயப்படறதுக்கு இன்னா இருக்குது தங்கச்சி. எங்க ஊட்டு ஆளு பேயா வந்து கூப்ட்டாலும் நான் கதவத் தொறந்து வுடுவேன்."

லட்சுமி விழுந்தாள்

கேட்டவர்களில் அதிகம் பேர் சொன்னபடி கிணற்றுப் பேய்தான் வந்தது. சரசம்மா வெற்றி பெற்றவர் போல முதல் நாளே வந்து முன்னால் உட்கார்ந்தார். கூடவே இரண்டு மருமகள்கள். சின்ன மருமகள் லட்சுமி கேட்டில் டிக்கெட்டை என்னிடம் கொடுத்தபோது கை நடுங்கியது. பேய்ப் படம் என்றால் சிலருக்கு அப்படித்தான் என்று நினைத்து உள்ளே விட்டேன். இரண்டாவது ரீல் ஓடும்போது உள்ளே ஒரே கூச்சல். ஓடிப் பார்த்தால் லட்சுமி மணலில் விழுந்து கிடக்கிறாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, பல் கிட்டுகிறது. சுற்றிலும் ஆளில்லாமல் இடம் விட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்கிறார்கள்.

விளக்கைப் போடச் சொல்லி, நானும் அவள் ஓரகத்தியும் தூக்கி வண்டியில் படுக்கவைத்தோம். சரசம்மா பயந்துதான் போயிருந்தார். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்ததைப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. வண்டி போன பிறகு பங்களாக் கட்சியில் எப்போதும் உரக்கப் பேசுகிற ஒரு அம்மாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கிணற்றுக் கட்சிக்காரி ஒருத்தி விடவில்லை, வாசலிலேயே மடக்கினாள்.

"எங்க பேயி ஆளையே புடிச்சிடுச்சி. உங்க பங்களாப் பேயி யாரப் புடிச்சிது, சொல்லு பாக்கலாம்."

பூசாரி

கொட்டகை மேல் பழி வந்துவிடுமோ என்று முதலாளிக்குப் பயம். மறுநாள் காலையிலேயே என்னைச் சரசம்மா வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் கோலமெல்லாம் போட்டு, வேப்பிலையும் சாம்பலும் வைத்துக்கொண்டு பூசாரி உட்கார்ந்திருந்தார். எதிரே லட்சுமி. தலையை விரித்துவிட்டிருந்தார்கள். கண் திறக்கவில்லை. தெருவே கூடி நின்று, கிணற்றுப் பேய் அவள் வாயால் பேசப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தது. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்கவைத்தேன். அப்போதுதான் அவள் தோளைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. காய்ச்சல் என்றேன். பேய் உள்ளே இருந்தால் உடம்பு சுடத்தான் செய்யும் என்றார் சரசம்மா. எனக்கு அழுகை வந்தது. யாரோடு சண்டை போடுவது?

பூசாரி வேப்பிலையைக் கீழே வைத்தார். அவரும் அவள் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஓரகத்திதான், படத்துக்குப் போவதற்கு முன்னாலிருந்தே அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். பூசாரி சாம்பலைப் பொட்டலமாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இது என்னாண்ட வர்ற கேஸு இல்லம்மா. வண்டியக் கட்டுங்க, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவலாம். வழியில தண்ணி குடுக்க நானும் கூட வர்றேன்."

நோட்டீஸ்

டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சத்தம் போட்டாராம். சேதி தெரிந்ததும் நான் முதலாளியிடம் காய்ச்சல்தான், நம் மேல் பழி இல்லை என்று சொன்னேன். அவர் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டார். அன்று மத்தியானமே மைக் கட்டின வண்டி ஊர் ஊராகப் புறப்பட்டது. பார்த்த பெண்ணைப் பிடித்த பேய், இருதய பலம் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று கத்திக்கொண்டே போனது.

வர வேண்டாம் என்றதும் வந்தார்கள். பெரியபாளையம் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்தார்கள். எந்த இடத்தில் அந்தப் பெண் விழுந்தாள் என்று கேட்டு, அந்த மணலில் ஒரு கையளவு அள்ளி முடிந்துகொண்டவர்கள் உண்டு. பங்களாக் கட்சி கலைந்தே போய்விட்டது. எல்லாக் காலத்துக்கும் பெரிய பேய்ப் படம் கிணற்றுப் பேய்தான் என்று முடிவாகிவிட்டது. ஒரு நோயாளிப் பெண்ணை வைத்து இப்படிச் செய்யலாமா, நிஜத்தைச் சொல்லிவிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"காய்ச்சல் வந்த படம்னு நோட்டீஸ் போட்டா எவம்மா வருவா? நீ போயி கேட்ல நில்லு."

லட்சுமி சொன்னது

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். பெண்கள் வார்டில் லட்சுமி கிழிந்த துணி மாதிரிப் படுத்திருந்தாள். சரசம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. ஊருக்குப் போகவே இல்லையாம். அப்போதும் என்னிடம், பேய் இறங்கின பிறகுதான் மருந்து வேலை செய்தது என்று மெதுவாகச் சொன்னார். கிண்ணத்தைக் கழுவ அவர் எழுந்து போனார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் இதற்காகவே காத்திருந்தாள் போல. எழுந்து உட்கார்ந்து, அன்றைக்குத் திரையிலே எந்த இடத்தைப் பார்த்து விழுந்தாய், பேய் கிணற்றிலிருந்து ஏறி வருமே அதுவா என்று லட்சுமியைக் கேட்டாள். இங்கேயும் அதே விசாரணை. கேட்டவள் திரும்பப் படுக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, லட்சுமி என் முந்தானையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

"படத்த எங்கக்கா நான் பாத்தேன். ஆடி அறுப்பு நேரம், ஊட்ல படுத்தா பேச்சு வரும். கொட்டாயி இருட்டா இருக்கும், கண்ண மூடிக்கினு சாஞ்சிக்கலாம்னுதான் கூட வந்தேன்."

தை பிறந்த பிறகு அவள் மாமியாரோடு மறுபடியும் வந்தாள். நான் ஒரு கோணிப்பையைப் பின்சுவர் ஓரம் விரித்து, இங்கே காற்று வரும் என்று சரசம்மாவிடம் சொல்லி அவளை அங்கே உட்காரவைத்தேன். படத்தில் பேய் அலறியது, பெண்கள் அலறினார்கள், லட்சுமி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். அடுத்த வாரம் வேறு இரண்டு பேர் கொஞ்சம் கண்ணை மூடிச் சாய அதே இடத்தைக் கேட்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிறகு கம்பெனிக்காரன் மனைவி வசந்தா. போகப் போக, பேய்ப் படம் வந்தால் அந்த ஓரத்துக்குச் சண்டையே வரும்.

பெண்கள் பகுதியில் எல்லாவற்றையும்விடப் பெரிய பேய்ப் படம் எது என்று இன்றைக்கு யாராவது கேட்டால், பின்சுவர் ஓரத்துக்கு அடிதடி நடந்த படம் என்றுதான் நான் சொல்வேன்.