இரண்டு சூரியனுக்கு நடுவில் ஒரு மாடு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாக்களுக்கு சீரியல் விளக்கு கட்டுவது என் தொழில். பன்னிரண்டாவது படிக்கும் என் மகள், பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு சூரியன் உள்ள உலகம் செய்து தரச் சொன்னாள். வானத்தில் அப்படியும் உண்டாம். சூரியனுக்குக் கிட்டே தண்ணீர் கொதித்துவிடும், எட்டப் போனால் உறைந்துவிடும். நடுவில் ஒரு வளையத்தில்தான் உயிர் வாழ முடியும். இரண்டாவது சூரியன் நெருங்கினால் அந்த வளையமும் இடம் மாறிவிடும் என்றாள்.

மேசை நடுவில் ஒரு ஹாலஜன் விளக்கு வைத்தேன். இன்னொன்றை மோட்டாரில் சுற்ற விட்டேன். டால்டா உருண்டைகளைப் பரப்பி, ஓடாமலும் இறுகாமலும் இளகி நின்ற இடத்தில் பச்சைத்தாள் ஒட்டினோம். அதன்மேல் அவள் ஒரு பிளாஸ்டிக் மாட்டை நிறுத்தினாள். சுற்றும் விளக்கு கடந்து போனால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. நின்றால் கருகும்.

சிறப்பு விருந்தினர் வந்தார். போட்டோக்காரர் என்னிடம், "மோட்டார நிறுத்துண்ணே, ரெண்டு சூரியனும் சாரோட வரணும்" என்றார். நிறுத்தினேன். விளக்கு மாட்டுக்கு மேலேயே நின்றது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் சரியில்லை என்று கழற்றி மறுபடி போர்த்தினார்கள். மாட்டின் முதுகு தொய்வதைப் பார்த்தேன். சுவிட்ச் என் கையில். அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் அவர்களைக் கேட்காமல் அதை அழுத்தவும் கூச்சம், வாய் திறக்கவும் கூச்சம்.

மேசைக்கு முதுகு காட்டி நின்ற மகள், "இந்த எடத்துலதான் சார் உயிர் வாழ முடியும்" என்றாள்.

பிளாஸ்டிக் தீயும் நாற்றம் எழுந்தது. பச்சைத்தாளில் கருப்புக் கூழ் வழிந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க மாடு வெந்துபோச்சேம்மா" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார்கள்.

அவள் கரண்டியால் கூழைச் சுரண்டினாள். "சுவிட்ச் உன் கையிலதானேப்பா இருந்துது?"

"அழுத்தினேன். மோட்டார் சிக்கிக்கிச்சு" என்றேன்.

அவள் நம்பினாள். மோட்டார் மேல்தான் தப்பு என்று டீச்சரிடமும் போய் எனக்காகப் பேசினாள். மாடு எரிந்த நாற்றத்தைவிட அந்தப் பொய்தான் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. மோட்டார் சிக்கவில்லை, மகளே. நான் அழுத்தவே இல்லை.

தை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.