மச்சான் பிடித்த கயிறு: ஸ்டெயின்ஸ் பக்கத்துக் குளத்தில் ஒரு புதன் மாலை

போன கிழமை ஒரு தம்பி எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்: "ஐயா, லண்டனுக்குக் கிட்ட, சிலிண்டர் கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ளே இறங்குகிற இடம் ஏதும் உண்டா? நீங்கள் போனதாகச் சொல்கிறார்களே?" போனேன் தம்பி. 1992, ஏப்ரல் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை. ஒரேயொரு தடவை. திரும்பவும் போவேனா என்பதை இதை முழுதாக வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்போது எனக்கு விக்டோரியாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் வாய்க்கு மட்டும் ஒரு வகுப்பும் குறையில்லை. ஒருநாள் தேநீர் நேரத்தில், மன்னார்க் கடலில் சங்கு குளித்த கதையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு பாகம் ஆழம், ஒரே மூச்சில் ஐந்து நிமிடம், ஒரு கையில் சங்கு, மறு கையில் சுறாவின் மூக்கு. உண்மையில் சங்கு குளித்தவர் என் அப்பா. நான் வள்ளத்துக்குள்ளே தண்ணி இறைத்தவன். இருந்தாலும் மூன்று தடவை இறங்கியிருக்கிறேன். சரி, இரண்டு. இரண்டாம் தடவை அடியைத் தொடவில்லை.

எங்கள் வான் டிரைவர் டெரி இதை வாய் பிளந்து கேட்டான். அவன் ஒரு சுழியோடிகள் சங்கத்தில் உறுப்பினன். புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஸ்டெயின்ஸ் பக்கத்தில் சரளைக்கல் தோண்டிய ஒரு பழைய பள்ளத்தில் இறங்குவார்களாம். பள்ளம் நிறையத் தண்ணி நின்று குளமாகிவிட்டது. "உன்னைப் போல ஒரு ஆளை எங்கள் ஆட்கள் பார்க்க வேண்டும்" என்று சொல்லி என் பெயரைக் கொடுத்துவிட்டான். இனி எப்படி மாட்டேன் என்பது?

முதலில் இரண்டு செவ்வாய்க்கிழமை நீச்சல் தடாகத்தில் பழக்கினார்கள். பழக்கியவள் பெவ் என்கிற பல் வைத்தியசாலைத் தாதி. ஐந்தடிதான் உயரம், குரல் மட்டும் கோயில் மணி. அவள் சொன்ன பத்துச் சட்டங்களில் ஒன்பதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாதாம்: தண்ணிக்குள்ளே மூச்சைப் பிடிக்காதே. சிலிண்டர்க் காற்றை நெஞ்சில் நிறைத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், வர வர அந்தக் காற்று பெருக்கும். கீழே முழுதாக ஊதிய பலூன் மேலே வரும்போது என்ன ஆகும்? அதுதான் உன் நுரையீரலுக்கும் என்றாள். மேலே வரும்போது மெதுவாக, உன் குமிழிகளைவிட மெதுவாக, மூச்சு விட்டு விட்டு வர வேண்டும். எங்கள் ஊரிலோ மூச்சைப் பிடிக்கிறவன்தான் ஆம்பிளை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியே காட்டிக்கொள்ளாமல் ஒரு நிபந்தனை போட்டேன். "எங்கள் வழக்கப்படி இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்குவேன். கயிற்றை என் மச்சான்தான் பிடிப்பான்." சங்கு குளிக்கிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. மேலே கயிறு பிடிப்பவன் மனைவியின் சகோதரனாக இருக்க வேண்டும். தன் அக்காவின் தாலி அறுவதை எவனும் கை கட்டிக்கொண்டு பார்த்திருக்க மாட்டான் அல்லவா? பெவ் சிரிக்கவில்லை. "பழைய நாளில் நாங்களும் கயிறு கட்டினோம். முதல் தடவைக்கு நல்லதுதான்" என்றாள்.

என் மனைவியின் தம்பி தவம் மோர்டனில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். முப்பது வயது, லண்டனுக்கு வந்து ஏழு மாதம். சண்டைக்குத் தப்பி, மன்னார்ப் பேசாலையில் இருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் போனவன். அந்த ஒரு பயணத்துக்குப் பிறகு தண்ணி என்றால் ஆகாது. தேம்ஸ் பாலத்தில் பஸ் ஏறினால்கூடக் கண்ணை மூடிக்கொள்வான்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி ராணி. "அவனை ஏன் இழுக்கிறியள்?"

தவம் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "பரவாயில்லை அக்கா, நான் கரையிலைதானே நிக்கப்போறன்" என்றான். "அத்தான் உள்ளுக்கை போய்க் கிடந்தால் இஞ்சை நீ என்னைத்தானே கேப்பாய்."

மாலை ஐந்தே காலுக்கு டெரி வானோடு வந்தான். மோர்டனில் இருந்து குளத்துக்கு ஏறத்தாழப் பதினாறு மைல். வேலை விட்டு வருகிற கார்களுக்குள் ஊர்ந்து போக ஒரு மணியும் ஐந்து நிமிடமும் எடுத்தது. வழி முழுக்கத் தவத்துக்கு நான்தான் வாத்தியார். நீ கயிற்றை ஒரு தரம் சுண்டினால் "சுகமா?" நான் ஒரு தரம் சுண்டினால் "சுகம்." ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போதும். பதில் வராவிட்டால் யோசிக்காதே, இழு. "அப்பாவுக்குக் கயிறு பிடிச்ச மாமா எப்பிடித் தெரியுமோ? அப்பா இறங்கினவுடனை தானும் மூச்சைப் பிடிப்பார். தன்ரை மூச்சு முடிஞ்சால் கீழை இருக்கிறவனுக்கும் முடிஞ்சுது எண்டு கணக்கு. உடனை இழுவைதான்." தவம் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தான்.

குளத்தங்கரையில் இறங்கித் தண்ணியைப் பார்த்தேன். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. நீண்ட நேரம் ஊறிப்போன, பால் விடாத பிளேன்டீ நிறம். தலைக்கு மேலே ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானங்கள் சக்கரம் தெரியப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றைக் கை நீட்டித் தொட்டிருப்பேன், மனம் வரவில்லை. நுழைவு நான்கு பவுண், சிலிண்டர் மூன்று பவுண், உடுப்பு வாடகை ஆறு பவுண். "இறந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிற மாதிரி ஒரு தாளில் கையெழுத்து. அது இலவசம்.

டெரி தெரிந்தெடுத்த ரப்பர் உடுப்பு எனக்கு இரண்டு பங்கு பெரிது. இருந்தாலும் உள்ளே போவது, புட்டுக் குழலுக்குள் ஈர மாவை அடைப்பது போல இருந்தது. இடுப்பில் எட்டுக் கிலோ ஈயம். பலகைத்துறையில் நின்றபோது பெவ் வந்து கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "உன் மச்சானிடம் சொல்லு, கயிறு பேசுவதற்கு மட்டும்தான், இழுப்பதற்கு இல்லை. பதில் வராவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டும். அங்கே வான் பக்கம் நிற்பேன்."

தவத்துக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவு பிடிபடாது. "என்னவாம் அத்தான்?" என்று கேட்டான்.

வழி முழுக்க வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, அவ்வளவு பேருக்கு முன்னால் நான் படிப்பித்தது பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கவனமாம்" என்றேன்.

ஏழு மணிக்கு இறங்கினோம். டெரி முன்னே, நான் பின்னே. தண்ணியின் குளிர் ஒன்பது பாகை. இலக்கமாகச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. பெரிய உடுப்பின் கழுத்தால் தண்ணி உள்ளே போய், முதுகுத்தண்டு வழியே ஒரு கத்தி போல இறங்கியது. நெற்றி இரண்டாகப் பிளந்தது. மூன்று மீற்றரில் வெளிச்சம் மங்கியது. ஆறு மீற்றரில் என் கை எனக்கே தெரியவில்லை. ஒன்பது மீற்றரில் அடி. சேறு. டெரியின் டோர்ச் லைட் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளியாக முன்னால் ஆடிக்கொண்டு போனது. என் மூச்சுச் சத்தம் எனக்கே யாரோ ஒருவன் பின்னால் வருவது போலக் கேட்டது.

இடுப்பில் ஒரு சுண்டல். நானும் சுண்டினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, திரும்பவும் சுண்டல். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் இவன் நிமிடத்துக்கு ஒன்று சுண்டுகிறானே என்று எரிச்சலாக வந்தது. ஒரு மீன் வந்து முகக்கண்ணாடியில் மோதியது. ஆள் நீளம். சரி, முழங்கை நீளம். அதையும் சமாளித்தேன். பதினைந்து நிமிடம் போயிருக்கும், எனக்குப் பழகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு வான் வந்தது. குளத்தடியில் ஒரு வான். சுழியோடிகள் பார்ப்பதற்கென்று யாரோ இறக்கி வைத்தது. டெரி அதைச் சுற்றிப் போனான். நான் அவன் தந்திருந்த சின்ன டோர்ச்சை எடுத்துக் கொளுத்தி ஜன்னலுக்குப் பிடித்தேன்.

உள்ளே ஒரு முகம் இருந்தது.

கண் திறந்தபடி, வாய் கொஞ்சம் சிரித்தபடி, வெள்ளை முகம். என் நெஞ்சு நிறைய ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது, போனது வெளியே வரவில்லை. பின்னால் துள்ளினேன். சேறு கிளம்பி எல்லாம் கறுப்பானது. டெரியின் மஞ்சள் புள்ளி இல்லை. மேல் எது கீழ் எது தெரியவில்லை. அந்த முகம் மட்டும் எனக்குப் பின்னால் வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. கயிற்றைத் தேடிப் பிடித்துச் சுண்டினேன். அது அசையவில்லை. வானின் பக்கக் கண்ணாடியில் சுற்றிக்கொண்டு கல்லாக நின்றது. திரும்பவும் சுண்டினேன். கரைக்கும் எனக்கும் இடையில் பேச்சு நின்றுவிட்டது.

வாய்க்குள் மாதாவின் அருள்நிறைந்த மந்திரம் தொடங்கினேன். "இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும்" என்ற இடத்துக்கு வந்தபோது "டக்" என்று ஏதோ முறிந்தது. வானின் கண்ணாடி கழன்றுவிட்டது. அடுத்த கணம் என் இடுப்பு மடிந்து, நான் மேலே போகத் தொடங்கினேன். மெதுவாக அல்ல. மீனைத் தூண்டிலில் இழுப்பது போல.

வாசிக்கிறவர்களே, இந்த இடத்தில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. என் நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. அது வீங்குவது எனக்குத் தெரிந்தது, விலா எலும்புகளுக்குள் யாரோ முழங்கையால் தள்ளுவது போல. பெவ்வின் பலூன் ஞாபகம் வந்தது. விடு, விடு என்று மூளை சொல்கிறது. தொண்டை பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர்ப் பழக்கம் அது: இழுக்கும்போது மூச்சைப் பிடி. ராணி கண்ணுக்குள் வந்தாள். அவள் தம்பியின் கையாலேயே அவளுடைய தாலி அறப்போகிறது, அதுவும் நான் மறைத்த ஒரு வசனத்தால் என்று நினைத்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். ரப்பரைக் கடித்தபடியே கத்தினேன். "தவம்! டேய்! விடடா! இழுக்காதையடா!" அதற்கு மேலே சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அடியில் இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் தூஷணம், ஒரே மூச்சில்.

அந்தக் கத்தல்தான் என் நெஞ்சுக் காற்றை வெளியே தள்ளியது என்று பெவ் பிறகு சொன்னாள். ஏசாமல் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தலை வெளியே வந்தபோது மூக்கால் இரத்தம். பலகைத்துறையில் தவம் இல்லை. அவன் குளத்துக்குள் நின்றான். உடுப்போடு, சப்பாத்தோடு, நெஞ்சளவு தண்ணியில், கண்ணை இறுக மூடிக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான். நான் அவன் தோளில் கை வைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

"அத்தான்," என்றான். "உயிரோடை இருக்கிறியளோ?"

டெரி பின்னாலே மெதுவாக மேலே வந்து, எங்கள் இருவரையும் பார்த்து ஏசினான். வானுக்குள் இருந்தது துணிக்கடைப் பொம்மையாம். பயமுறுத்தவென்று ஒரு பகிடிக்காரன் கட்டி வைத்ததாம். பெவ் ஓடி வந்து என்னை இருத்தி, இருமச் சொல்லி, மூச்சு விடச் சொல்லி, நெஞ்சு நோகுதா, குரல் மாறுதா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் தவத்தின் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "இவனிடம் சொல்லு. இவன் இன்று உன்னைக் கொன்றிருப்பான். சொல்லு!"

தவம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. "என்னவாம் அத்தான்?"

"முதல்லை நீ சொல்லு" என்றேன். "ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எண்டுதானே சொன்னனான். ஏன் நிமிசத்துக்கொருக்காச் சுண்டினனீ?"

"நீங்கள்தானே சொன்னியள், பிடிக்கிறவன் மூச்சைப் பிடிக்கவேணும் எண்டு." அவனுக்குப் பல் அடித்துக்கொண்டது. "ஒவ்வொரு மூச்சு முடியேக்கையும் சுண்டினன். பதினேழு தரம் நீங்கள் பதில் தந்தனியள். பதினெட்டாம் தரம் தரேல்லை. அதுக்குப் பிறகு எனக்கு மூச்சு விட ஏலேல்லை அத்தான். இழுத்தன்."

பெவ் இன்னும் விரலை மடக்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன், தவத்தைப் பார்த்தேன்.

"அவ சொல்லுறா, நீ இல்லாட்டி இண்டைக்கு நான் இல்லையாம்" என்றேன்.

இனிப் போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். ஏப்ரலில் போகாதீர்கள், ஆவணி நல்லது. உடுப்பை அளவாக எடுங்கள், கழுத்துத்தான் முக்கியம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்காதீர்கள். வெறும் வயிற்றோடும் வேண்டாம், இரண்டு துண்டு பாணும் சம்பலும் போதும். விலையெல்லாம் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். கீழே எதைக் கண்டாலும், மனிசனோ பொம்மையோ, மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். கயிறு கட்டுவதானால், கரையில் நிற்பவனுக்கு விளங்குகிற மொழியில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு வசனம்கூட மிச்சம் வைக்காதீர்கள். தெரிந்தவன் மாதிரி இருப்பதைவிட முழு நுரையீரலோடு இருப்பது நல்லது. இதை நான் சொல்கிறேன் என்றால் யோசித்துப் பாருங்கள்.

தவம் இப்போது கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிறான், பேரப்பிள்ளை கண்டுவிட்டான். கட்டுரை வாசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை, நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் விருந்து என்றால் அந்தப் புதன்கிழமைக் கதையை அவன்தான் சொல்லுவான், உள்ளங்கையை விரித்துக் காட்டி. அவன் சொல்லும்போது ஆழம் இருபது மீற்றர், நான் பாதி செத்தவன், வெள்ளைக்காரி அவன் கையைப் பிடித்து அழுகிறாள். ஊரில் எல்லாருடைய கதையையும் திருத்துகிறவன் நான். அதை மட்டும் திருத்துவதில்லை.