மந்தாரம் என்று பெயர் வைத்தேன்

பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் என்னோடு மண் மிதித்த ஒருவர் யாரிடமும் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவருக்கு ‘மந்தாரம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். இரண்டு வருடமாகச் சூளையே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது, “அது என்ன தம்பி மந்தாரம்?” என்று கேட்டார்.

“வெயிலும் அடிக்காம, மழையும் பெய்யாம வானம் மூடிக்கிட்டுக் கிடக்கும்ல, அதாண்ணே,” என்றேன் சிரித்தபடி.

அவர் கோபப்படவில்லை.

“சரியாத்தான் வச்சிருக்கே. இங்க வர்றப்ப கப்பல்லயே என் சம்சாரம் காய்ச்சல்ல போயிட்டா. கடல்ல இறக்கிட்டாங்க. எனக்கு இன்னும் அழுகை வரல.”

கஞ்சியைக் கீழே வைத்தேன்.

“உங்க பேரு என்னண்ணே?”

கொஞ்சம் யோசித்துத்தான், “முத்தையா,” என்றார்.

கடல் கடந்து வந்தபின் அதை அவரிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. இரண்டு வருடம் பக்கத்திலேயே நின்ற நானும்தான்.