பின்வாசலில் நின்ற முக்கால் மணி நேரம்

பினாங்கின் பழைய தெருக்களில் நடைபாதை வீடுகளின் முகப்பு வழியாகவே போகிறது. ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்டு ஊரார் நடக்க விட்டிருக்கிறார்கள். வேலைக்கு வந்து இரண்டு வருஷமாகியும், அடுத்தவர் வாசலை மிதித்துப் போக எனக்கு இன்னும் கூசுகிறது. சுவருக்குச் சுவர் பலகை வேறு: இன்னார் கப்பலில் வந்தார், இன்ன தொழில் செய்தார். அன்று ஒரு பலகையில் செட்டிநாடு என்றிருக்க, நின்றுவிட்டேன். அப்பா செல்போனில் அனுப்பியிருந்த, அவருடைய முதலாளி வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகையில் இந்தத் தெரு முகவரிதான் இருந்தது.

அப்பா செட்டிநாட்டுக் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். நான் பிறந்ததும், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனதும் அதன் பின்கட்டிலிருந்துதான். இப்போது வீட்டை இடித்து, தூண்களையும் கதவுகளையும் விற்கப்போகிறார்கள். எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தால்தான் இடிக்க முடியும். "ஒரு பங்குதாம்ப்பா பாக்கி. அவுக பினாங்குல இருக்காக. பின்கட்ட மட்டும் விடச் சொல்லிக் கேளு. நீ படிச்சவன், ஒனக்குப் பேச வரும்" என்றார் அப்பா. அம்மா படுக்கையில். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

பலகையடியில் சுற்றுலாக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த சீனப் பெண் என்னைப் பார்த்து, "செட்டியார்?" என்றாள். வழி கேட்கலாமே என்று தலையாட்டினேன். இவருடைய முன்னோர்கள் கட்டிய தெரு என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். நாலு பேர் என்னைப் படமெடுத்தார்கள். "இல்லை, என் அப்பா வாட்ச்மேன்" என்றேன். "வெரி குட்!" என்று, நான் நீட்டிய பத்திரிகை முகவரியைப் பார்த்து வீட்டைக் காட்டிவிட்டு நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு செய்ததற்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் உடையவர்களுக்கு, பின்தெருக் கதவு எங்களுக்கு. கால் பழக்கத்தில் சந்துக்குள் புகுந்து பின்கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை. உள்ளே பேச்சு கேட்டது; முன்பக்கம் மணி அடித்ததும் கேட்டது. கூப்பிடும்வரை நிற்பதுதான் முறை என்று நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் குப்பை போட வந்தவர் நான் தேடி வந்த பங்காளியேதான். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது.

"இப்பத்தான் தம்பி, இடிக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டு, பெல் அடிச்ச கூரியர்காரன்கிட்ட குடுத்தேன். அந்த வீட்டுல ஆளே இல்லன்னுதானே சொன்னாங்க?"

"நாங்க இருக்கோம் ஐயா."

"முன்னாடி வந்து பெல் அடிச்சிருக்கக் கூடாதா? இனி மாத்திப் பேசினா சொந்தத்துல யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியாது லா" என்றார், மலேசியத் தமிழர்கள் பேச்சில் ஒட்டும் அந்த 'லா'வோடு.

நான் கூப்பிட்டதும் அப்பா உடனே போனை எடுத்தார். "பாத்தியா? என்ன சொன்னாக?" சொன்னேன். நின்ற இடத்தை மட்டும் சொல்லவில்லை. "சரிப்பா. சாவிய யார்ட்டக் குடுக்கணும்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை.

அறைக்கு வந்து பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் முகவரியாக அந்த வீட்டின் கதவு எண் அச்சாகியிருக்கிறது. பாஸ்போர்ட் இன்னும் ஏழு வருஷம் செல்லும்.