எறா தெரியாத விரல்கள்

நான் முதலில் படித்தது ரத்தப் பரிசோதனை. இரண்டு வருடம் லேபில் வேலை பார்த்த பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், மானுடவியல் எம்.ஏ. சேர்ந்தேன். நோயை அது வந்தவர்களின் சொற்களிலேயே கேட்டு எழுதுவது அங்கே ஒரு பாடம். பேராசிரியர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "லேபை வாசல்லயே விட்டுட்டு வாங்க. நாம கண்டுபிடிக்கப் போகலை, கேட்கப் போறோம்."

இருபத்திரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினேன். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கான கேள்விகள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். அதனால் கரையேறிய பிறகுதான் பேச்சு.

முப்பது வயதிருக்கும் ஒருத்தி என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன நோயெல்லாம் வந்திருக்கு அக்கா?"

"நோவா? எனக்கு இன்னா நோவு? ரெண்டு விரலு மரத்துப்போச்சு, அவ்ளோதான். எறாவும் சேறும் ஒண்ணாக் கீது."

"வலிக்குதா?"

"வலிச்சாத் தேவலையே! நண்டு கடிச்சாக்கூட ரத்தத்தப் பாத்துதான் தெரிஞ்சிக்கிறேன்."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "அவ பறியப் பாரும்மா, பாதி சேறு!"

"போடி, உன் பறியில மட்டும் தங்கமா கீது?"

உணர்ச்சியில்லாத விரல், வலிக்காத காயம். தொழுநோயாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. அந்தச் சோதனைக்காகக் காதுமடலைக் கீறி எடுத்த நீரைக் கண்ணாடியில் தடவி லேபில் எத்தனையோ முறை பார்த்தவள் நான். ஆனால் அவள் நோயில்லை என்றாள். நான் கேட்க வந்தவள். அதை நோய் என்ற தலைப்பில்கூட எழுதவில்லை. தொழில் என்பதன் கீழ், எறாவும் சேறும் ஒன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதை எழுதினேன்.

பேராசிரியர் அந்த வரியை வகுப்பில் இரண்டு முறை வாசித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

விட்டுப்போன கேள்விகளுக்காக எட்டு மாதம் கழித்துப் போனேன். அவள் தண்ணீரில் இல்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு விரல்களும் உள்ளே மடங்கியிருந்தன.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தொழுநோய்தான், மாத்திரையில் நிற்கும், ஆனால் மடங்கிய விரல் நிமிருமென்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மரத்துப்போனது எப்போதிலிருந்து என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும் சார்? இந்தம்மா எல்லாத்தயும் எழுதி வெச்சிக்கினு கீது. அதக் கேளுங்க."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். தேதி போட்டு எழுதியிருந்தேன்.